கோமதி மாவாட்டும் நேரம்

காலை அந்தப் பக்கம் நீட்டிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. பெட்டி முழங்காலில் இடிக்கும். கண்டக்டர் இதற்கும் ஒரு டிக்கெட் கிழித்துவிட்டார். அதனால் இதுவும் நம்மைப் போல ஒரு பயணிதான், இடம் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

கிரைண்டர். அட்டையில் படம் போட்டிருக்கிறதே. சாய்த்து ஊற்றுகிற வகை. வீட்டில் இருப்பது பழசு, குனிந்து கல்லைத் தூக்கி வைத்து வழிக்கவேண்டும். இது அப்படியில்லை, பிடியை அழுத்தினால் தானே சாயும். நூற்றைம்பது வாட்தான். என் மனைவிக்குக் கொண்டுபோகிறேன். சங்கரன்கோவிலில் தன் தம்பி வீட்டில் இருக்கிறாள். ஆடிக்குப் போனவள்.

சிரிக்கிறீர்கள். ஆடிக்குப் புதுப்பெண்தான் தாய்வீடு போவாள், எனக்கும் தெரியும். என் மனைவி ஐம்பத்திரண்டு வயதில் போயிருக்கிறாள். இன்று ஆடி இருபது. கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறேன். வந்துவிடுவாள். சும்மா கிளம்பவில்லை, கணக்குப் போட்டுத்தான் கிளம்பினேன். என் தொழிலே கணக்குத்தான்.

கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் ஒரு மெமோ வரும், ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. மின்சாரம், அவ்வளவு போதும். கம்பத்தில் ஏறுகிற வேலை இல்லை. குளிர்பதன அறையில் பெரிய திரைக்கு முன்னால் உட்காருகிற வேலை. தென்மாவட்டங்கள் மொத்தமும் அந்தத் திரையில் ஒரு கோடாக ஓடும். காலையில் ஏறும், மத்தியானம் வளையும், விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடி ஏறும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருபத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டேன். எனக்கும் கோமதிக்கும் கல்யாணம் ஆகியும் இருபத்தொன்பது வருஷம். வேலை கிடைத்த ராசி என்பார் என் மாமனார்.

உங்கள் வீட்டில் அரிசி போட்டு வைக்க டிரம் இருக்கும், தண்ணீருக்குத் தொட்டி இருக்கும். மின்சாரத்துக்கு அந்த மாதிரி டிரம் சொல்லிக்கொள்கிறபடி கிடையாது அண்ணாச்சி. நீங்கள் இங்கே ஃபேனைப் போட்ட அதே நொடியில் எங்கேயோ ஓர் அனல் நிலையத்தில் ஒரு சக்கரம் அந்த ஃபேனுக்காக மூச்சுப் பிடிக்கவேண்டும். ஊர் கேட்பதும் நாங்கள் கொடுப்பதும் எப்போதும் சரிக்குச் சரி. கேட்பது கூடினால் சக்கரம் தளரும். கொடுப்பது கூடினால் துள்ளும். அந்தச் சக்கரத்தின் வேகத்தைக் காட்டுகிற ஓர் எண் எங்கள் சுவரில் எரிந்துகொண்டே இருக்கும். ஐம்பது. அது ஐம்பதில் நின்றால் டீ குடிக்கலாம். இறங்கினால் யாருக்காவது மின்சாரத்தை நிறுத்தவேண்டும். ஏறினால் ஏதாவது ஒரு நிலையத்தை அடக்கி வைக்கவேண்டும். எனக்குக் குலதெய்வம் அந்த ஐம்பதுதான்.

அதற்கு முதல் நாளே சொல்லவேண்டும், நாளைக்கு ஊர் எவ்வளவு கேட்கும் என்று. ஒரு நாளைத் தொண்ணூற்றாறு கால்மணி நேரமாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். நாளைக் காலை ஆறேகாலிலிருந்து ஆறரை வரை தென்மாவட்டம் என்ன தின்னும்? எழுது. ஆறரையிலிருந்து ஆறே முக்கால் வரை? எழுது. இப்படித் தொண்ணூற்றாறு. மற்றவர்கள் போன வாரம் இதே கிழமை என்ன ஆனது என்று பார்த்து எழுதுவார்கள். எங்களிடம் நஸ்ரின் என்று ஓர் உதவிப் பொறியாளர் இருக்கிறாள், கெட்டிக்காரி. கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் வைத்திருக்கிறாள். வெயில், ஈரம், மேகம், கோயில் கொடை விழா எல்லாவற்றையும் அதற்குள் போட்டால் அது ஒன்று சொல்லும். சரியாகத்தான் சொல்லும். ஆனால் எனக்கு வேறொரு வழி அகப்பட்டது.

போன கார்த்திகையில். காலை ஷிப்ட். ரத்தக்கொதிப்பு மாத்திரையை எங்கே வைத்தேன் என்று கேட்க வீட்டுக்குப் போன் போட்டேன். கோமதி எடுத்தாள். பின்னால் கிரைண்டர் சத்தம். பேசிக்கொண்டே திரையைப் பார்க்கிறேன், கோடு ஏறுகிறது. “இரு, நிப்பாட்டிட்டு வாரேன், சரியா கேக்கலை” என்று போனாள். சத்தம் நின்றது. கோடு கொஞ்சம் தணிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அண்ணாச்சி. ஒரு கிரைண்டருக்குத் தென்மாவட்டம் அசையாது, அது எனக்குத் தெரியாதா? விஷயம் அதில்லை. அவள் எப்போது மாவாட்டுகிறாளோ அப்போதுதான் எல்லோரும் ஆட்டுகிறார்கள். அவள் எப்போது மோட்டார் போடுகிறாளோ அப்போதுதான் எல்லோர் தொட்டியிலும் தண்ணீர் தீர்ந்திருக்கிறது.

ஒரு மாதம் சோதித்துப் பார்த்தேன். காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று தடவை போன்.

“என்ன பண்ணுதே?”

“துணி போட்டிருக்கேன் மிஷின்ல.”

“எப்ப போட்டே?”

“இப்பத்தான். ஏன்?”

“சும்மாதான். ஃபேன் எத்தனைல வச்சிருக்கே?”

“மூணுல. என்னங்க, உங்களுக்கு அங்க வேலையே இல்லையா?”

சிரித்துக்கொண்டே கேட்பாள். பதில் மட்டும் சுத்தமாக வரும். நாளைக்கு அடை, அதனால் கிரைண்டர் கிடையாது, மிக்ஸிதான். மத்தியானம் புழுக்கமாக இருக்கிறது, ஏசி போட்டுப் படுக்கப்போகிறேன். எல்லாவற்றையும் சொல்லுவாள். நான் மேஜைக்கு அடியில் ஒரு சின்னத் தாளில் குறித்துக்கொண்டு, அதை வைத்து எண்களை ஏற்றி இறக்குவேன். தை மாதம் பார்த்தால் எங்கள் அறையிலேயே என் கணிப்புத்தான் நெருக்கம். நஸ்ரினின் புரோகிராமைவிட நெருக்கம். அவள் வந்து கேட்டாள், “சார், நீங்க என்ன மாடல் யூஸ் பண்றீங்க?” என்று. “பழைய மாடல்தான்மா, இருபத்தொன்பது வருஷ மாடல்” என்றேன்.

கோமதிக்கும் அந்த நாட்களில் முகம் நன்றாகத்தான் இருந்தது. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் வெளியூர். பகல் முழுக்க அவள் ஒருத்திதான் வீட்டில். பக்கத்து வீட்டில் எஸ்தர் டீச்சர், ஓய்வுபெற்றவர். அவரிடம் இவள் சொல்லியிருக்கிறாள்: “டீச்சர், தலை நரைச்ச பிறகு இவருக்கு என் மேல ஆசை வந்திருக்கு. ஒரு நாளைக்கு மூணு தடவை போன். என்ன பண்ணுதே, என்ன பண்ணுதேன்னு.” டீச்சர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதிரி சிரிப்பார். எனக்கு அர்த்தம் விளங்கவில்லை. படித்தவர்கள் சிரிப்பு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இதில் எனக்கு ஏதாவது கெட்ட எண்ணம் இருந்ததா? நீங்களே சொல்லுங்கள். நான் அவளிடம் பொய் சொன்னேனா? “என்ன பண்ணுதே” என்று கேட்டேன். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான்.

இருங்கள், போன் அடிக்கிறது. அவள்தான்.

சொல்லு கோமதி. ஆமா, பஸ்லதான் இருக்கேன். மானூர். இப்பத்தான் மானூர் தாண்டுது. உக்கார இடம் கிடைச்சுது. ஆமா. சாப்பிட்டேன், ரெண்டு இட்லி, வெளியிலதான். சரி. சரி. வைக்கேன்.

பார்த்தீர்களா? காலையில் பஸ் ஏறும்போது ஒரு தடவை, இப்போது ஒரு தடவை. “எங்க வாரீங்க” என்று கேட்கிறாள். வழி மேல் விழி என்பார்களே, அது.

எங்கே விட்டேன்? ஆனி மாதம். எங்கள் அலுவலக ஆண்டு விழா. கண்காணிப்புப் பொறியாளர் பலவேசம் சார் தலைமை. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். கோமதி அரக்குப் பட்டு கட்டினாள். துணைக்கு எஸ்தர் டீச்சரையும் கூட்டிக்கொண்டாள். அந்த வருஷம் கணிப்பில் பிழை குறைவு என்று எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். பலவேசம் சார் மைக்கில், “திரவியம், உங்க ரகசியம் என்ன, கொஞ்சம் எடுத்து விடும்” என்றார்.

நான் உண்மையைச் சொன்னேன். எல்லாப் பெருமையும் எனக்கே என்று வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. சொன்னேன்: “இந்தக் கேடயம் என் மனைவிக்குச் சேரவேண்டியது. தென்மாவட்டங்களிலேயே அவளைப் போல ஒரு சராசரியான பெண்மணி கிடையாது. ஊருக்கு எப்போது பசிக்கிறதோ அப்போதுதான் அவளுக்குப் பசிக்கும். ஊருக்கு எப்போது வியர்க்கிறதோ அப்போதுதான் வியர்க்கும். தனக்கென்று ஒரு விருப்பம் கிடையாது. தினமும் மூன்று வேளை போனில் அளவெடுத்துத்தான் நான் கணக்கெழுதுகிறேன்.”

என்ன கைத்தட்டல் என்கிறீர்கள்! பலவேசம் சார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கோமதியை எழுந்து நிற்கச் சொன்னார்கள். எழுந்து நின்று கும்பிட்டாள். எஸ்தர் டீச்சர் மட்டும் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வார் அறுந்திருக்கும்போல.

ஆட்டோவில் வரும்போது, “எப்படிப் பேசினேன்?” என்று கேட்டேன். “நல்லாப் பேசினீங்க” என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் சிலருக்குப் பேச்சு வராது.

மறுநாள் காலை பதினொன்றுக்கு வழக்கம்போலப் போன் போட்டேன். உடனே எடுத்தாள்.

“என்ன பண்ணுதே?”

“மழை பெய்யுதுங்க. கொடியில கிடந்த துணியை எல்லாம் எடுத்துட்டு இருக்கேன்.”

“மழையா?”

“ஆமா. சாரல் இல்லை, நல்ல மழை. இந்தா, கேளுங்க.”

கேட்டேன். சடசடவென்று தகரத்தில் மழை. குற்றாலத்துச் சாரல் இந்த வருஷம் எங்கள் ஊர் வரை எட்டிவிட்டது என்று நினைத்தேன். மழை வந்தால் ஏசி நிற்கும், வயலில் பம்புசெட் நிற்கும். மத்தியானத்துக்குரிய எண்களை எல்லாம் அப்படியே இறக்கினேன். நஸ்ரின் ஓடி வந்தாள்.

“சார், சாட்டிலைட் படத்துல மேகமே இல்லை சார்.”

“சாட்டிலைட் மேல இருக்கும்மா. என் பொண்டாட்டி கீழ இருக்கா. மழை எங்க விழும்?”

பாவம், தன் நாற்காலிக்கே திரும்பிப் போய்விட்டாள். இரண்டு மணிக்கு வெயில் கொளுத்துகிறது. கோடு நான் எழுதிய எண்ணைத் தாண்டி ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது. சுவரில் ஐம்பது இறங்குகிறது. வேறு வழியில்லை, நான்கு ஊர்களுக்கு நிறுத்தச் சொன்னேன். நாற்பது நிமிஷம். அதில் ஓர் ஊரில் பல் டாக்டர் நாற்காலியில் பலவேசம் சார் வாயைத் திறந்தபடி படுத்திருந்திருக்கிறார். ஊசி போட்டாயிற்று, பாதிப் பல் குடைந்தாயிற்று, மெஷின் நின்றுவிட்டது. நாற்பது நிமிஷம் வாய் திறந்தபடியே.

அதுதான் முதல் மெமோ. விளக்கம் கேட்டிருந்தார்கள். “நம்பகமான கள ஆதாரத்திலிருந்து பெறப்பட்ட வானிலைத் தகவல் பிழையாக அமைந்தது” என்று எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டால், “எங்க தெருவுல மட்டும் பெஞ்சுதுபோல” என்றாள் கோமதி. இருக்கலாம்தானே? மாட்டுக்கொம்பில் ஒன்று நனைந்து ஒன்று காய்கிற ஊர் இது. பிறகு எஸ்தர் டீச்சர்தான் சொன்னார். “நல்ல வெயில் சார். உங்க வீட்டம்மா பின்கட்டுல ஒரு தகரத்தட்டைக் கவுத்துப் போட்டு, டியூபால தண்ணி அடிச்சுக்கிட்டே போன்ல பேசிட்டு நின்னா. நான் ஏதோ வைத்தியம்னு நினைச்சேன்.” அது அவர் சொன்னது ரொம்ப நாள் கழித்து. அப்போதே சொல்லியிருந்தால் இரண்டாவது மெமோ வந்திருக்காது.

இரண்டாவது ஆனிக் கடைசியில். காற்றுக்காலம். இன்னும் கொஞ்ச தூரத்தில் பாருங்கள், ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலைகளாக நிற்கும். இந்த இரண்டு மூன்று மாதமும் அவை பேய் பிடித்தமாதிரி சுற்றும். அவற்றை வைத்துக்கொண்டு ஐம்பதைக் காப்பது இருக்கிறதே, ஆடு நனைகிறதே என்று பார்த்தால் மாடு மிதக்கும். காற்று எப்போது எழும் எப்போது விழும் என்று காற்றுக்கே தெரியாது. என் மச்சினன் மந்திரமூர்த்தி அங்கேதான் ஒரு காற்றாலைப் பண்ணையில் சூப்பர்வைசர். அவன் வீட்டில்தான் இப்போது அவள் இருக்கிறாள்.

அன்று சாயங்காலம் கோமதி சொன்னாள்: “நாளைக்கு நம்ம தெருவே மாவாட்டுது. சர்ச்சுல அசனம். டீச்சர் வீட்ல நாலு ஈடு, நம்ம வீட்ல நாலு ஈடு, எதிர்த்த வீட்ல ஆறு. சுத்துப்பட்டு சர்ச்சுல எல்லாம் நாளைக்குத்தானாம்.”

அசன விருந்தில் சோறும் குழம்பும்தானே, மாவு எதற்கு என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் கருவி காட்டுவதை நம்பாமல் அறிவு சொல்வதை நம்பக்கூடாது, அது எங்கள் தொழிலில் பாலபாடம். விடிகாலை எண்களை எல்லாம் தாராளமாக ஏற்றி வைத்தேன். இரண்டு அனல் அலகுகளை எரியவிடச் சொன்னேன். விடிந்தது. ஒரு கிரைண்டரும் ஓடவில்லை. காற்று மட்டும் வீசுகிறது. சுவரில் எண் ஐம்பதைத் தாண்டித் துள்ளுகிறது. அனலை உடனே அணைக்க முடியாது, காற்றாலையைத்தான் நிறுத்தச் சொல்லவேண்டும். சொன்னேன். ஐந்தாவது நிமிஷம் மந்திரமூர்த்தி போன்.

“அத்தான், இங்க காத்து அடிக்கிற அடியில ஆட்டுக்குட்டி பறக்கு. நிப்பாட்டச் சொல்லுதீங்களே, நல்லாருக்கா?”

“கிரைண்டர் ஓடலை மாப்பிள்ளை.”

“எந்தக் கிரைண்டர்?”

அவனுக்கு என்னவென்று விளக்குவது?

அன்றைக்கு மத்தியானம் போன் போட்டேன். கொஞ்சம் கடுமையாகவே, “இப்ப ஃபேன் எத்தனைல வச்சிருக்கே? உண்மையைச் சொல்லு” என்றேன்.

“ஃபேனே போடலை. சன்னலை எல்லாம் சாத்திட்டு இருட்டுல உக்காந்திருக்கேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான். உங்க தென்மாவட்டமே இன்னிக்கு இருட்டுல உக்காரட்டும்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது அண்ணாச்சி, கருவியில் ஏதோ பழுது என்று. அன்று வீட்டுக்குப் போய் இதையே சொல்லியும் விட்டேன். “கருவி பழுதாயிட்டா பழுதுன்னு சொல்லணும் கோமதி, தப்பான அளவு காட்டக்கூடாது” என்றேன். அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. அவளுக்குச் சத்தம் போடத் தெரியாது.

“பதினோரு மணி ஆகுமுன்னே மிக்ஸில எல்லாத்தையும் போட்டு மூடிவச்சுட்டு போன் பக்கத்துல உக்காந்திருப்பேன். உங்க போன் வந்த பிறகுதான் சுவிட்சைப் போடுவேன். ஒரு நாள் நீங்கதானே சொன்னீங்க, அந்தச் சத்தம் கேட்டா வீட்டுல இருக்கிற மாதிரி இருக்குன்னு” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினொன்று முதல் பதினொன்றேகால் வரை என் கணக்கில் ஒரு சின்னப் பிழை விழுந்துகொண்டே இருந்தது அண்ணாச்சி. மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். காரணம் இதுதான்! நான் போன் பண்ணுவதால் அவள் சுவிட்சைப் போட்டிருக்கிறாள். அளக்கப்போனவனே அளவை மாற்றியிருக்கிறேன். “அடடா, இதை நீ முதல்லயே சொல்லியிருக்கணும்” என்றேன்.

சோற்றுப் பானையை மூடினாள். பிறகு உள்ளே போய்விட்டாள். ஆடி முதல் தேதி காலையில் பையோடு நிற்கிறாள். மஞ்சள் துணிப்பை. கல்யாணத்துக்கு வந்தபோது கொண்டுவந்த பெட்டி மேலே பரணில் இருக்கிறது, அதைக்கூட எடுக்கவில்லை.

“தம்பி வீட்டுக்குப் போறேன்.”

“எப்ப வருவே?”

அதற்கு அவள் சொன்னதுதான் இந்தப் பத்தொன்பது நாளும் என் தூக்கத்தைக் கெடுத்தது. “நீங்க சொல்லுங்க. நான் சராசரிதானே? எனக்கு எப்பப் பசிக்கும், எப்ப வேர்க்கும் எல்லாம் உங்களுக்குத் தெரியும்லா? நான் எப்பத் திரும்பி வருவேன்னும் கணக்குப் போட்டுச் சொல்லுங்க. நாள் சரியா இருந்தா நீங்க கூப்பிடாமலே வந்து, உங்க பக்கத்துல காலம் முழுக்க உக்காந்து ஃபேன் எத்தனைன்னு சொல்லுதேன். தப்புன்னா, இனிமே அந்த மூணு போன் கிடையாது. நான் வாரப்ப வருவேன்.”

சவால்! என்னிடம்! தொண்ணூற்றாறு எண்களை நாள் தவறாமல் எழுதுகிறவனிடம் ஒரே ஓர் எண் கேட்கிறாள்.

மூன்று நாள் என்றேன் முதலில். மந்திரமூர்த்தி பெண்டாட்டி சமையலில் உப்புத் தூக்கல். இருபத்தொன்பது வருஷத்தில் கோமதி அங்கே மூன்று ராத்திரிக்கு மேல் தங்கியதில்லை. வரவில்லை. ஆடி முதல் வெள்ளி என்றேன். வீட்டில் விளக்கேற்ற வேறு யார் இருக்கிறார்கள்? வரவில்லை. நானே ஏற்றினேன், திரி எண்ணெய்க்குள் விழுந்துவிட்டது. தபசு முடிந்ததும் வருவாள் என்றேன். சங்கரன்கோவில் தபசு தெரியுமே, அம்மன் பேரும் கோமதிதான். அம்மன் தபசு இருந்தாள், சுவாமி காட்சி கொடுத்தார், தபசு முடிந்தது, கூட்டம் கலைந்தது. என் கோமதி மட்டும் வரவில்லை.

அலுவலகத்தில் என் கணிப்பு சந்தி சிரிக்கிறது. கேடயத்தைத் திரும்பக் கேட்பார்களோ என்றுகூட இருக்கிறது. நஸ்ரின் ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள், “சார், வேற ஒரு வீட்டை சாம்பிளா எடுத்துக்கலாமே.” வேறொரு வீட்டுக்குப் போன் போட்டு ஒரு பெண்ணிடம் என்ன பண்ணுகிறாய் என்று கேட்டால் செருப்பு பிய்ந்துபோகாதா?

இதில் ஒரு ஆச்சரியம் கேளுங்கள். போன வாரம் அவளே போன் செய்தாள். “இங்க மொட்டை மாடியில நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன். காத்து இப்படி அடிக்கு, காத்தாடி எல்லாம் நிக்கி. என்ன, இன்னிக்கும் தப்பாப் போட்டீங்களா? காலையில ஒண்ணும் சாப்பிடலையா?” என்றாள். சாப்பிடவில்லைதான். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “நீங்க சாப்பிடாத அன்னிக்குத்தான் காத்தாடி நிக்கி. மூணு நாளாப் பாத்துட்டேன்” என்று வைத்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து என் தொழிலில் அவளுக்கு ஓர் ஈடுபாடு வந்திருக்கிறது பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து முறையாக யோசித்தேன். பத்தொன்பது நாளாக அசையாத கோடு இருபதாவது நாள் தானாக அசையாது. இதுவும் எங்கள் பாலபாடம்தான். ஆகவே அவளாக வரமாட்டாள், நாம்தான் போகவேண்டும். போகிறபோது வெறும் கையோடு போகக்கூடாது. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகுதான் இது தோன்றியது. இவ்வளவு தகராறும் பழைய கிரைண்டரால் வந்ததுதானே?

நேற்று போனில் சொன்னேன், “இந்தத் தடவை கணக்கு தப்பாது. நாளைக்குப் பன்னிரண்டரைக்கு நீ மந்திரமூர்த்தி வீட்டுக் கூடத்துல உக்காந்திருப்பே. நான் வந்து கதவைத் தட்டுவேன். எழுதி வச்சுக்கோ.”

“எழுதிட்டேன்” என்றாள். சிரிப்பு கேட்டது. எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

இதோ காற்றாலை வந்துவிட்டது பாருங்கள். அந்தப் பக்கம். எல்லாம் சுற்றுகிறது. ஒன்றுகூட நிற்கவில்லை. யார் ஷிப்டில்? நஸ்ரின்தான். நான் இன்று லீவு. காற்றும் இன்று சொன்னபடி கேட்கிறதுபோல.

மறுபடி அவள்தான். இது மூன்றாவது தடவை.

சொல்லு. தேவர்குளம் தாண்டியாச்சு. ஆமா, பெரிய பஸ்தான், பச்சை. வலது பக்கம் உக்காந்திருக்கேன், சன்னலோரம். எதுக்கு? சரி, சும்மாதான் கேக்குதே. வீடு பூட்டியாச்சு. சாவி எஸ்தர் டீச்சர்ட்ட இருக்கு. கேஸ் மூடிட்டேன். பால் இருக்கு, ஃபிரிட்ஜுல ஒரு பாக்கெட். தோசை மாவா? மாவு ஏது, நீ இல்லாம? சரி. சரி. பெட்டியில என்னன்னு நேர்ல பாரு. வைக்கேன்.

ஒரு நாளைக்கு மூன்று போன், அண்ணாச்சி. எங்கே இருக்கீங்க, எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கீங்க, வீட்டில் பால் இருக்கா. தலை நரைத்த பிறகு ஒரு பெண்ணுக்குப் புருஷன் மேல் இப்படி ஒரு ஆசை வருமா? யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது, நல்ல வேளை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். பின்னால் ஒரே ஹாரன் சத்தம், பேசியது பாதி விளங்கவில்லை. மந்திரமூர்த்தி வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் இல்லையே. கடைக்கு ஏதாவது போயிருப்பாள். நான் வருகிறேன் என்று கறி எடுக்கப் போயிருப்பாள்.

என்ன, பஸ் ஒதுங்குகிறது? பனவடலிசத்திரம் வந்துவிட்டதா? இல்லை, எதிரில் ஒரு பஸ். இந்த இடத்தில் ரோடு குறுகல். நம் டிரைவரும் அந்த டிரைவரும் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். நம் ஜன்னலும் அவர்கள் ஜன்னலும் கைநீட்டினால் தொடுகிற தூரம்.

அதோ பாருங்கள், மூன்றாவது ஜன்னல். அரக்குப் புடவை, மடியில் மஞ்சள் துணிப்பை. போனைப் பைக்குள் வைக்கிறாள். நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள்போல இருக்கிறது. கையைக்கூட ஆட்டுகிறாள். வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டாள்.

போய்விட்டது.

அசல் கோமதி மாதிரியே இல்லை? உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கள் அவளைப் பார்த்ததில்லை. ஆனால் எனக்கே ஒரு நொடி திக்கென்றது. இதைத்தான் அண்ணாச்சி நான் அன்று மேடையில் சொன்னேன். எந்தப் பஸ்ஸில் பார்த்தாலும் அவளைப் போல ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அதில் என்ன தப்பு, சொல்லுங்கள்?